திரையில் கேட்காத மூச்சு

மாமா,

நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டில் வீடியோ டெக்கைத் திறந்துபோட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ஊசி போடுவதற்கு முன் கையில் தடவுவார்களே, அதே வாசனைதான். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தும். எனக்கு வெள்ளானூர் கபடித் திடல்தான் நினைவுக்கு வருகிறது. இயற்பியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

டெக்கைத் துடைத்த அண்ணன் அவசரத்தில் இருந்தார். கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்ய வேண்டுமாம். ஸ்டேடியத்துக்குள்ளேயே சினிமாத் திரை மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களாம், அவுட்டா இல்லையா என்று உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு அங்கேயே திரும்பப் போட்டுக் காட்டுகிறார்களாம். “இனிமே எந்த அம்பயரும் டபாய்க்க முடியாது பாப்பா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். அம்மா ஏன் சாத்தினாய் என்று கேட்கவில்லை. அவளுக்கும் அந்த வாசனை வந்திருக்கும்.

காலையில் பேப்பரிலும் இதே கதைதான். சந்தேகமான தீர்ப்புகளை அரங்கத்தில் இருக்கும் கூட்டத்துக்குத் திரையில் காட்டலாமா, கூடாதா என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். காட்டினால்தான் நியாயம் என்கிறார் ஒருவர். காட்டினால் கலாட்டா வரும் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தத் திரைக்குக் கீழே விசிலோடு நின்ற ஒருவனை அவர்கள் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல நீ இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ அம்மாவின் கடைசித் தம்பி. மேனாம்பேட்டில் நம் வீட்டு முன்னறைதான் உன் அறை. வாரத்தில் ஆறு நாள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில், இரைச்சலுக்கு நடுவே வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கழுத்தில் விசில். முழங்கால் போனதால் கபடி ஆடுவதை விட்டுவிட்டு நடுவராக ஆனவன் நீ. ஆவடி, பூந்தமல்லி, மாங்காடு என்று எங்கே போட்டி நடந்தாலும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அம்மா உன் வெள்ளை பேன்ட்டுக்கு நீலம் போட்டுக்கொண்டே திட்டுவாள். “சண்டே ஒரு நாளாவது ஊட்ல கெட்றா. எவனோ எவனையோ தொட்டான்னு நீ போய் வெயில்ல நிக்கற.”

“தொட்டானான்னு எல்லாரும் பாக்கறாங்கக்கா. பாட்டு வுட்டானான்னு கேக்கத்தான் ஆள் இல்ல” என்பாய் நீ.

அந்தப் பாட்டு என்ன என்பதை நீ எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. நாம் அதை விளையாட்டாக ஆடினோம். காலையில் நீ கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருப்பாய். நான் பேப்பரை எடுத்து ஒரு பத்தியை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் தோற்றேன். நான் எவ்வளவு தந்திரமாக, கமா வரும் இடத்தில், எழுத்தோடு எழுத்தாக மூக்கில் இழுத்தாலும் நீ முகத்தில் நுரையோடு திரும்புவாய். “திருட்டு! ‘முதலமைச்சர்’க்கும் ‘அறிவித்தார்’க்கும் நடுவுல மூக்குல இஸ்துகினே. வாத்தியாரம்மா அவுட்டு!” உனக்கு நான் எப்போதும் வாத்தியாரம்மாதான். நான் இல்லை என்று சத்தியம் செய்வேன். நீ சத்தியத்தை ஏற்றுக்கொண்டு, “சரி, இன்னொரு தபா படி” என்பாய். மறுபடியும் அதே இடத்தில் பிடிப்பாய்.

கபடியிலும் அதேதான். பாடிப் போகிறவன் எதிர் அணியின் ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும்வரை “கபடி கபடி” என்பது நிற்கக் கூடாது. நடுவில் மூச்சு வாங்கிவிட்டால் பாட்டு விட்டதாகக் கணக்கு, தொட்டது செல்லாது, அவனே அவுட். கூட்டம் காலையும் கையையும் பார்க்கும். நீ குனிந்து, ஒரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாடுகிறவனோடு கூடவே நகர்வாய். தூரத்திலிருந்து பார்த்தால் நீ அவனிடம் ஏதோ ரகசியம் கேட்பது போல இருக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், காணும் பொங்கல் அன்று வெள்ளானூரில் போட்டி. அந்த வருடம்தான் நம் பக்கமெல்லாம் கேபிள் டிவி வந்திருந்தது. தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கறுப்பு ஒயர் தொங்கியது. கேபிள்காரர் தன் இணைப்புக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று பைனலை வீடியோ எடுக்க முன்வந்தார். வெறுமனே எடுத்தால் போதாதாம். இரண்டு கலர் டிவியைத் திடலுக்கே கொண்டுவந்துவிட்டார். ஒன்று திடலோரம் நிறுத்திய டெம்போவின் மேல். இன்னொன்று பெண்கள் உட்கார்ந்த ஷாமியானாவுக்குள், உயரமான மேஜையின் மேல். “ஸ்டேடியம் மாறி பண்ணிக்கீறோம்மா” என்று பெண்களிடம் பெருமையாகச் சொன்னார். மேஜையில் டெக், பக்கத்தில் பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில்.

எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஆண்கள் கயிற்றை ஒட்டி மதில் மாதிரி நின்றுவிடுவார்கள், பின்னால் இருக்கும் எங்களுக்கு முதுகுகள்தான் தெரியும். அன்றைக்கு முதல் முறையாக நாங்கள் ஆட்டத்தைப் பார்த்தோம், டிவியில். கரும்பு கடித்துக்கொண்டே அம்மா, “தம்பி டிவில கொஞ்சம் குண்டா தெரியிறான் இல்ல?” என்றாள். திரையில் நீ சின்னதாக, வெள்ளையாக, குனிந்து குனிந்து ஓடிக்கொண்டிருந்தாய்.

சத்தம் மட்டும் வரவில்லை. முதலில் வைத்தார்கள். மைக் செட்டோடு சேர்ந்து ஊளையிட்டது. உடனே கேபிள்காரர் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, சினிமாப் பாட்டுக் கேசட்டை ஓடவிட்டார். கபடி மௌனமாக ஓடியது, மேலே பாட்டு ஓடியது. யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளானூருக்கும் மாங்காட்டுக்கும் பைனல். கடைசியில் இரண்டும் சமம், ஒரே ஒரு ரைடு பாக்கி. வெள்ளானூர் செல்வம் பாடிப் போனார். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலைவரை போனார், காலை நீட்டினார், ஒருவன் குதிகாலைத் தட்டினார், பாய்ந்து கோட்டுக்கு வந்துவிட்டார். ஊரே எழுந்து கத்தியது. அந்தக் கத்தலுக்குள் உன் விசில். நீ கையை நீட்டியது செல்வத்தைப் பார்த்து. செல்வம் அவுட். பாயின்ட்டும் கோப்பையும் மாங்காட்டுக்கு.

அதோடு நின்றிருந்தால் கொஞ்ச நேரம் வசவு, தள்ளுமுள்ளு, அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். உனக்கு வசவு புதிதில்லை. ஆனால் கேபிள்காரர் டேப்பைப் பின்னால் ஓட்டினார்.

திரையில் செல்வத்தின் கால் மறுபடி நீண்டது. குதிகாலைத் தொட்டது. “பட்டுட்சுடா!” என்று ஒரு குரல். மறுபடி ஓட்டினார். இந்த முறை மெதுவாக. கால் மிதந்து போய்த் தொட்டது. “தோ பார்றா, தோ பார்றா!” என்று டெம்போ பக்கம் கூட்டம் ஓடியது. அவர் மறுபடி ஓட்டினார். நிறுத்தினார். கால் குதிகாலில் ஒட்டியபடி திரை நடுங்கிக்கொண்டே நின்றது. கீழே கூட்டம் அதைவிட அதிகமாக நடுங்கியது. ஒவ்வொரு முறை அது ஓடும்போதும் நீ புதிதாக ஒரு முறை அநியாயம் செய்தது போல இருந்தது அவர்களுக்கு. நீ விசில் ஊதியது ஒரே ஒரு தடவை, மாமா.

கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்தார். “நடுவர் அவர்கள் டிவியாண்ட வரவும். வந்து பார்த்துட்டு தீர்ப்பை மாத்திக்கவும்.”

நீ வந்தாய். பார்த்தாய். அந்த மேஜை எங்களுக்கு எதிரே இருந்ததால் நீ பேசியது எனக்குக் கேட்டது. “கால் பட்டுது தலைவரே. படலன்னு நான் சொல்லவே இல்லியே. கால் வெச்சிட்டு திரும்பும்போது பாட்டு வுட்டுட்டான். அதுக்குத்தான் விசிலு.”

“அது டிவில தெரியலியேபா.”

“அது எப்டி தெரியும்? சத்தத்த அமுக்கி பாட்டு போட்டுகினு கீறீங்க.”

“டிவி பொய் சொல்லுமா?”

“அந்த மைக்க குடுங்க. நானே சொல்லிடறேன்.”

மைக்கைக் கொடுக்கவில்லை. தலைவர் அதைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தக் கையை நான் மறக்கமாட்டேன். பின்னாலிருந்து ஒருவன், “பிரஸ் ஷாப்புல காது போனவன்டா! செவிட்டு அம்பயரு!” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். அம்மா எழுந்து, “எவன்டா அவன், எங்க தம்பிய செவிடுன்றது? வாடா முன்னால!” என்று கரும்பைத் தூக்கினாள். அதற்கும் சிரித்தார்கள். ஒரு செருப்பு வந்து உன் தோளில் பட்டது. வெள்ளைச் சட்டையில் செம்மண் தடம். நீ அதைத் தட்டிவிடக்கூட இல்லை. இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கோப்பையை வெள்ளானூருக்குக் கொடுத்தார்கள். மாங்காட்டுக்காரர்கள் தாங்கள் வந்த டெம்போவில் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்த ஊருக்குள் நின்று சண்டை போட அவர்களுக்கு என்ன பைத்தியமா? உன்னைத் தவிர எல்லாரும் அன்று ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதுவும் அன்றோடு முடியவில்லை. கேபிள்காரர் அந்த ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் சேனலில் போட்டார். நம் வீட்டில் இணைப்பு இல்லை. ஆனால் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஜன்னலில் நீ குனிந்து ஓடுவது தெரியும். “ரீப்ளே மாமா” என்று உனக்குப் பெயர் வந்தது. தண்ணீர் லாரியில் குடம் வைக்கப் போனால், “ரீப்ளே மாமா அக்கா பொண்ணு வந்துட்சு, வழி வுடு” என்றார்கள். நீ அதற்கும் சிரித்தாய். “வுடு வாத்தியாரம்மா, டிவில வந்தவன் நம்ம குடும்பத்துல நான் ஒர்த்தன்தான்” என்றாய். உன் மேலும் எனக்குக் கோபம் மாமா. அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறேன். நீ சிரிக்கச் சிரிக்க அவர்கள் சொன்னது உண்மையாகிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு யாரும் கூப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வெள்ளை பேன்ட்டுக்கு நீலம் போட வேண்டிய வேலை அம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. அவள் அதற்காக அழுதாள்.

அப்போது நான் கிளை நூலகத்துக்குப் போய் விளையாட்டு விதிகள் புத்தகத்தை எடுத்து வந்தேன். பாட்டு நின்றால் அவுட் என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஓடிவந்து காட்டினேன். நீ வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “விதி அவங்களுக்கும் தெரியும்மா. வுட்டானா இல்லியான்றதுதான் பேச்சு” என்றாய். பிறகு மெதுவாக, “கொஞ்சம் பேப்பர் படியேன்” என்றாய்.

நான் படித்தேன். வேண்டுமென்றே ஓர் இடத்தில் மூச்சை இழுத்தேன், நீ பிடிப்பாய் என்று. நீ பிடித்தாய். ஆனால் “அவுட்டு” என்று கத்தவில்லை. “இப்ப இஸ்தியா?” என்று கேட்டாய். கேட்டாய், மாமா. என்னிடம். உன் வாழ்க்கையில் நீ அப்படிக் கேட்டதே இல்லை.

நீ ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது சோதித்துப் பார்த்தது எனக்கு அப்போது தெரியாது. அம்மா பிறகு சொன்னாள். ஷிப்ட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, காதில் மாட்டிய கருவியில் கூ கூ என்று சத்தம் வரும்போதெல்லாம் கையைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறாய். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “நல்லாத்தாங்கா கீது. ஆனா அன்னிக்கி?” என்றாயாம். ஊர் உன்னை நம்பாதது ஒரு கோபம். உன் காதை நீயே நம்பாமல் செய்துவிட்டார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கார்த்திகை மழையில் மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் நீ இல்லை. நீ அந்தத் திரையால் செத்தாய் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அது பொய். நீ காமாலையில்தான் செத்தாய். ஆனால் செத்த வீட்டு வாசலில், பறை அடித்துக்கொண்டிருக்கும்போது, துக்கத்துக்கு வந்த ஒருவர் இன்னொருவரிடம் அடையாளம் சொன்னார்: “அதாம்பா, டிவில காட்னாங்களே, தப்பா விசில் ஊதுனவரு.” இத்தனை வருடம் வெயிலில் நின்றதற்கு உனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரி.

அந்த வரியை அழிக்க ஒரே ஆளால்தான் முடியும் என்று நினைத்தேன். கருமாதி அன்று செல்வம் அண்ணன் மாலையோடு வந்தார். உன் போட்டோவுக்குப் போட்டுவிட்டு, கண் கலங்கி நின்றார். நல்ல மனிதர்தான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தபோது சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“அண்ணா, அன்னிக்கி பைனல்ல பாட்டு வுட்டீங்களா, இல்லியா? நெஜமா சொல்லுங்க. நான் யார்ட்டயும் சண்ட போடமாட்டேன்.”

அவர் கையைத் துடைக்காமல் நின்றார். பொய் சொல்ல யோசிக்கும் முகம் இல்லை அது. தேடும் முகம்.

“அன்னிக்கி ஊட்டுக்குப் போகசொல்ல எனக்கே டவுட்டாதாம்மா இருந்துச்சு. மாமா சும்மா ஊதமாட்டாரேன்னு. மூச்சு கொஞ்சம் கட்னா மாறிதான்... அப்புறம் டிவில பாத்தேன். வாரா வாரம் போட்டான்ல? பாத்து பாத்து... இப்ப நெனச்சுப் பாத்தா எனக்கு டிவில வந்ததுதாம்மா ஞாபகம் வருது. என் முதுகுதான் தெரியுது. கால் கரெக்டா பட்டுகீது.”

“உங்க மூச்சு உங்களுக்குத் தெரியாதாண்ணா?”

“தெரிஞ்சிருந்துச்சும்மா” என்றார்.

அவருடைய சொந்த நெஞ்சுக்குள் நடந்ததை ஒரு பெட்டி அழித்து, அதற்கு மேல் தன் படத்தைப் பதிந்துவிட்டது. நான் யாரோடு சண்டை போடுவது?

அடுத்த வாரம் பள்ளிக்கூடச் சீருடையோடு கேபிள் ஆபீசுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, சுவர் முழுக்கக் கேசட். அந்த ஸ்பிரிட் வாசனை. கேபிள்காரர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார். அந்த டேப்பைச் சத்தத்தோடு ஒரு முறை போட்டுக் காட்டுங்கள் என்றேன். எங்கள் மாமா கேட்டதை நானும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

“டேப்பு கீதும்மா. சவுண்டு கெடையாது.”

“கேமராவுல பதிவாகியிருக்கும் இல்ல?”

“ஆயிருந்துச்சு. ஒரே கூச்சலு. சேனல்ல போட்டா நல்லா இருக்காதுன்னு மேல சினிமாப் பாட்ட ஏத்திட்டேன். சூப்பரா வந்துகீது, வோணா பாக்கறியா?” என்று உண்மையான அன்போடு கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் கேசட் அடுக்கை அப்படியே இழுத்துத் தரையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. கொட்டவில்லை. “வேணாங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் புரிந்தது. அந்த மூச்சு விட்ட இடம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. டேப்பில் இல்லை, செல்வத்தின் நெஞ்சில் இல்லை, மண்ணுக்குள் போன உன் காதில் மட்டும்தான் இருந்தது. நான் அன்று கேட்டது சினிமாப் பாட்டு. நீ கேட்டதை நான் கேட்கவில்லை. கேட்காமலே அதற்குச் சாட்சி சொல்கிறேன். ஏனென்றால் பேப்பர் வாசிக்கும்போது நீ ஒரு முறைகூடத் தவறாகப் பிடித்ததில்லை. நான் சத்தியம் செய்தேனே, அத்தனையும் பொய்ச் சத்தியம்.

போன வருடம் நமக்குப் பொங்கல் இல்லை. இந்த வருடம் காணும் பொங்கலுக்கு வெள்ளானூர் போனேன். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். இப்போது ஷாமியானாவுக்குள் இரண்டு டிவி, டெம்போவின் மேல் ஒன்று, வாசலில் ஒன்று. பெண்களெல்லாம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. முண்டியடித்துக்கொண்டு கயிற்றுக்கு வந்துவிட்டேன். “யாரும்மா அது? லேடீஸ்லாம் அங்க. டிவி அங்கதான் கீது” என்று ஒருவர் கத்தினார். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

புது நடுவர் வந்திருந்தார். சின்ன வயது. நல்ல விசில், நல்ல ஷூ. ஒருவன் பாடிப் போனான். நடுவர் நின்ற இடத்திலேயே நின்றார். குனியவில்லை. அவன் கையை வீசித் தொட்டான், திரும்பினான். கோட்டுக்கு இரண்டு அடி முன்னால், “கபடி க” என்று அறுந்தது. மூக்கில் ஒரு சின்ன இழுப்பு. பிறகு “படி கபடி” என்று ஒட்டவைத்துக்கொண்டு வந்து விழுந்தான்.

“பாட்டு வுட்டுட்டான்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நடுவர் என்னைப் பார்க்கவில்லை. பாடியவனையும் பார்க்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டே கழுத்தைத் திருப்பி டெம்போ மேல் இருந்த டிவியைப் பார்த்தார். ஆடுகிறவர்கள், கமிட்டி, கூட்டம், எல்லாரும் கழுத்தைத் திருப்பிக் காத்திருந்தார்கள். கை பட்டது தெரிந்தது. விசில். பாயின்ட்.

பாடியவன் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கம் பார்த்தான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார். “இன்னாம்மா, டிவிலயே காட்டிட்டான், நீ இன்னாத்த கண்ட?”

“நான் எதையும் பாக்கலீங்க” என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. எனக்கு விளக்கவும் மனம் வரவில்லை. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை மாமா, இனிமேலும் நகரமாட்டேன். அடுத்தவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடத் தொடங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.